சாந்தோம் கோதிக் ஆலயமும் அதன் மாறிவந்த பயன்களும்: ஒரு திறனாய்வு

தாம்பரத்திலிருந்து சென்னையை நோக்கி வருவோர் வழியில் பறங்கிமலையைக் காண்பர். சைதாப்பேட்டையை அடுத்துச் சின்னமலையைக் காண்பர். பின்னர் கடற்கரையை நோக்கிச் செல்வாராயின் மயிலையில் வெண்ணிறக் கூர்ங்கோபுரத்துடன் நிற்கும் சாந்தோம் பேராலயத்தைக் காண்பர். தோமா அப்போஸ்தலர் மறைந்து வாழ்ந்த இடம், கொலையுண்ட இடம், அடக்கம் பண்ணப்பட்ட இடம் என மரபு சொல்லும் மூன்று தலங்கள் இவ்வாறு தென்சென்னையிலும் அதன் புறநகர்ப் பாதையிலும் அமைந்துள்ளன. அப்போஸ்தலர் உண்மையாகவே இந்நாட்டுக்கு வந்தாரா என்னும் வினா பலரால் பலவாறு ஆராயப்பட்டது. அதனை நாம் இங்கு மீண்டும் கிளற விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொள்வது கட்டடத்தையே. சாந்தோமில் இன்று நிற்கும் கோதிக் ஆலயம் எவ்வாறு அங்கு வந்தது, அதற்கு இடம் விட்டு எது போயிற்று, அம்மண் எத்தனை வகைப் பயன்களுக்கு உட்பட்டது என்பவற்றைத் திறனாய்வு நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு ரோமன் கத்தோலிக்கப் பேராலயத்தைப் பற்றிப் புரொட்டஸ்டாண்டு இறையியல் ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. நம்முடைய சபைகளில் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிய ஆலயம் எழுப்பும் ஆர்வம் இன்று மிகுந்திருக்கிறது. நூறாண்டுக்கு முன் பனையோலை விற்றும் பிடியரிசி சேர்த்தும் கட்டப்பட்ட ஆலயங்கள், ஒரே சபைக்கூட்டத்தின் தீர்மானத்தினால் மண்ணோடு மண்ணாகின்றன. இதனை எதிர்ப்போர் "பழமை" என்பதையே வாதமாகக் கொள்கின்றனர். ஆதரிப்போர் "தேவை" என்பதையே வாதமாகக் கொள்கின்றனர். இவ்விரு சொற்களும் எவ்வளவு தெளிவற்றவை என்பதைச் சாந்தோமின் வரலாறு போல் காட்டுவது வேறொன்றில்லை.

முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டியது, இன்று "பழமையான கோதிக் ஆலயம்" எனப் போற்றப்படும் கட்டடம் 1896-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது என்பதாகும். சென்னையில் அதனினும் மூத்த ஆலயங்கள் பல உள. கோட்டையிலுள்ள தூய மரியன்னை ஆலயம் 1680-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. தூய ஜார்ஜ் பேராலயம் 1815-ஐச் சேர்ந்தது. ஆனால் சாந்தோமில் அடிநிலம் மேற்கட்டடத்தைவிட மிக மிக மூத்தது. கோதிக் கட்டடம் அந்நிலத்தின் நீண்ட வரலாற்றில் ஓர் அதிகாரம் மட்டுமே. முதல் அதிகாரமன்று, பெரிய அதிகாரமும் அன்று.

1291-ஆம் ஆண்டில், சீனநாட்டுக்குச் செல்லும் வழியில் மொந்தெகொர்வினோ ஊரினரான யோவான் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, தோமாவின் ஆலயம் உள்ள நாட்டில் பதின்மூன்று மாதங்கள் தங்கிப் பல இடங்களில் ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் மடலில் குறிப்பிடுகிறார். அவருக்குச் சிறிது பின்னே வந்த மார்க்கோ போலோ, வணிகர் அதிகம் வாராத ஒரு சிற்றூரில் அப்போஸ்தலரின் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவரும் இசுலாமியரும் அங்குத் திருப்பயணம் வருவதையும், கல்லறை மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சலுற்றோருக்குக் கொடுப்பதையும் பதிந்துள்ளார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர் இன்னும் வியப்பான செய்தி ஒன்றைத் தருகிறார். அப்போது ஆலயம் பாழடைந்திருந்தது. ஓர் ஏழை இசுலாமியர் அதனைக் காத்து, பிச்சை எடுத்து, இரவில் விளக்கொன்று எரிய வைத்து வந்தார் என்பதே அச்செய்தி.

இவ்விளக்கைப் பற்றி நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். திருச்சபை வரலாறு எழுதுவோர் இதனை ஒரு விந்தைச் செய்தியாக அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, அடுத்த வரியில் போர்த்துக்கீசியரின் வருகைக்குத் தாவிவிடுகின்றனர். ஆலயத்தில் குருவானவர் இல்லை, திருவிருந்து இல்லை, சபையும் இல்லை என்ற காலத்தில் அந்த இடத்தை இடமாக வைத்திருந்தவர் வேற்றுச் சமயத்தவர் ஒருவர். அவர் அங்கு வைத்த பயன் யாது? அது வழிபாடா, காவலா, பிழைப்பா? ஒருவேளை மூன்றுமே கலந்திருக்கலாம். கட்டடத்தின் வரலாற்றைக் கட்டியோரின் வரலாறாக மட்டும் எழுதினால் இத்தகைய மனிதர் அதில் இடம் பெறுவதில்லை. பெயரறியா அவரது எண்ணெய்ச் செலவு 155 அடிக் கோபுரத்தின் செலவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதே நம் கருத்து.

போர்த்துக்கீசியர் 1517-இல் இவ்விடத்தை அறிந்தனர். 1523-இல் கல்லறையை அகழ்ந்து, எலும்புகளும் ஈட்டிமுனையும் மண்கலமும் கண்டதாக அறிவித்து, ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டினர். இங்கே மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மயிலைக் கபாலீசுவரர் கோயில் முற்காலத்தில் கடலோரத்தில் இருந்தது என்பதும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிவுற்று இன்றைய இடத்தில் மீண்டும் எழுந்தது என்பதும் மயிலையில் வழங்கும் உறுதியான மரபு. சாந்தோம் ஆலய வளாகத்திலேயே தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. இயேசு சபையைச் சார்ந்த ஹோஸ்டன் அடிகளார் 1920-களில் அங்கு ஆய்வு நடத்தி, சாந்தோம், மயிலாப்பூர் ஆகிய ஊர்களின் தொல்பொருள்களைப் பற்றி எழுதிய நூல் 1936-இல் வெளிவந்தது. எந்தக் கல் எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று அறுதியிடுவது கல்வெட்டறிஞரின் பணி. ஆனால் "பழைய பயன்" என்று பேசத் தொடங்கும் கிறிஸ்தவர் தமக்கு வசதியான நூற்றாண்டில் கணக்கைத் தொடங்குதல் நேர்மையாகாது. அடியில் இருக்கும் கல் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் மேலே இருக்கும் வளைவின் அழகைப் பாடுவது அரைகுறைத் திறனாய்வே ஆகும்.

அடுத்து வந்த மூன்று நூற்றாண்டுகளை விரைவாகக் கடக்கலாம். 1606-இல் மயிலை மறைமாவட்டம் அமைந்தது. கல்லறை ஆலயம் ஆயரின் பேராலயம் ஆயிற்று. கோல்கொண்டாவின் படை, பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர் என ஒருவர் பின் ஒருவராக ஊரைக் கைப்பற்றினர் அல்லது முற்றுகையிட்டனர். 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர் கைவசம் இருந்தபோது சாந்தோம் ஒரு போர்க்களம். 1749-இல் ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். ஊர் ஆங்கிலேயருடையது, ஆயரை நியமிக்கும் உரிமையோ போர்த்துக்கல் மன்னருடையது என்னும் விந்தையான நிலை அதன்பின் இரு நூறு ஆண்டுகள் நீடித்தது.

இந்த இரட்டை நிலையை அறியாமல் கோதிக் ஆலயத்தின் பிறப்பை அறிதல் இயலாது. 1886-இல் போர்த்துக்கல் அரசுக்கும் ரோமைக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மயிலை மறைமாவட்டம் போர்த்துக்கல்லின் ஞானக் காவலுரிமையின் கீழ்த் தொடர்ந்தது. அதே ஆண்டில் சென்னை தனி உயர் மறைமாவட்டமாயிற்று. ஒரே நகரத்தில் இரு ஆயர்கள், இரு பேராலயங்கள், இரு அதிகாரங்கள். அவ்வாண்டில் மயிலை ஆயரான என்றிக்கே ஜோசே ரீட் ட சில்வா, 1893-இல் பழைய போர்த்துக்கீசிய ஆலயத்தை இடிக்கச் செய்தார். ஆங்கிலப் படையின் பொறியாளர் பிரிவைச் சார்ந்த கேப்டன் பவர் வரைந்த திட்டத்தின்படி கோதிக் பேராலயத்தை எழுப்பினார். மூன்றே ஆண்டுகளில் வேலை முடிந்தது.

எதற்காகக் கோதிக்? போர்த்துக்கல்லுக்குத் தனக்கெனக் கட்டடக்கலை மரபு இல்லாமலில்லை. கோவாவின் ஆலயங்கள் அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூர்வளைவுக் கலையே உண்மையான கிறிஸ்தவக் கலை என்று முழங்கியவர் இங்கிலாந்தின் பியூஜின். அவர் கத்தோலிக்க மதம் தழுவியவர். அவர் கருத்தைக் கேம்பிரிட்ஜில் 1839-இல் தோன்றிய ஆங்கிலிக்கச் சங்கம் ஒன்று தன்வயப்படுத்தி, ஆங்கிலப் பேரரசு பரவிய இடமெல்லாம் பரப்பிற்று. கத்தோலிக்கர் ஒருவர் விதைத்ததை ஆங்கிலிக்கர் அறுத்தனர். ஆங்கிலிக்கர் வளர்த்ததைச் சாந்தோமில் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கர் இரவலாகப் பெற்றனர். நமக்குத் தோன்றுவது இது: ஆங்கிலேயரின் நகரத்தில் மங்கிவரும் ஒரு போர்த்துக்கீசிய அதிகாரம், ஆங்கிலேயரின் கண்ணுக்கு மதிப்புடையதாகத் தோன்ற விரும்பி, ஆங்கிலேயரின் உடையையே உடுத்துக்கொண்டது. எதிரே மற்றோர் ஆயரின் இருக்கையும் இருந்தது அல்லவா? ஆலயத்தின் உயரத்தில் இறைப்பற்று மட்டுமன்றி இந்தப் போட்டியும் உண்டு என்று நாம் கருதுவதில் குற்றமில்லை. இதனால் ரீட் ட சில்வாவின் பக்தியைக் குறை கூறுகிறோம் என்பதில்லை. ஆலயம் கட்டும் எவரும் தம் காலத்தின் அச்சங்களையும் சேர்த்தே கட்டுகின்றனர்.

இக்கலை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றதா என்பது அடுத்த வினா. கோதிக் கலை வட ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே ஒளி குறைவு. ஆகவே சுவரை மெலிதாக்கிச் சாளரத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கூரையின் பாரத்தைக் கூர்வளைவுகளும் வெளித் தாங்குசுவர்களும் ஏற்றுக்கொள்ள, இடையில் உள்ள வெளி முழுவதும் வண்ணக் கண்ணாடியாக மாறியது. தமிழ்நாட்டின் கடற்கரையில் தேவை நேர் எதிரானது. இங்கே ஒளி மிகுதி, வெப்பம் மிகுதி. வேண்டுவன நிழலும் காற்றும் தாழ்வாரமும். ஆகவே இங்குள்ள கோதிக் ஆலயங்களில் பெரும்பாலும் ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். ஒளிக்காகத் தோன்றிய சாளரம் வெயிலைத் தடுக்கும் திரையாகிறது. கடற்காற்று வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. உள்ளே மின்விசிறிகள் தூண்தோறும் சுழல்கின்றன. சாந்தோமும் இதற்கு விலக்கன்று. மேலும் உப்புக்காற்று படும் இடத்தில் நுண்ணிய வேலைப்பாடுகள் நிறைந்த கட்டடத்தை எழுப்புதல் என்பது, பின்வரும் தலைமுறைகள் மீது தீராத பராமரிப்புக் கடனைச் சுமத்துதலே ஆகும்.

எனினும் இக்கட்டடத்தில் மெய்யாகவே சிறந்த ஒன்று உண்டு. அதனைப் பலர் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணை உயர்ந்த கூர்ங்கோபுரம் ஈர்த்துவிடுகிறது. ஆனால் கூரையின் நடுவே சிறிய கோபுரம் ஒன்றும் உள்ளது. அது கல்லறை இருக்கும் இடத்தைக் குறிப்பது. பெரிய கோபுரம் ஊருக்கு ஆலயத்தைக் காட்டுகிறது. சிறிய கோபுரம் ஆலயத்துக்கே அதன் காரணத்தைக் காட்டுகிறது. பொறியாளர் பவர் தம் புத்தகத்திலிருந்த கோதிக் வடிவத்தை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் போகவில்லை. மண்ணுக்கடியில் இருந்த ஒரு குழிக்குக் கட்டடத்தைக் கீழ்ப்படுத்தினார். இஃதொன்றே இவ்வாலயத்தை நம் நாட்டுக் கோதிக் ஆலயங்கள் பலவற்றினின்றும் வேறுபடுத்துகிறது. உள்ளே தாமரையின்மேல் கிறிஸ்து நிற்க, இருமருங்கும் மயில்கள் அமைந்த உருவம் பின்னாளில் சேர்ந்தது. மயிலைக்கு மயில் பொருத்தமே. ஆயினும் அது கட்டடத்தோடு ஒட்டாமல், ஆங்கிலச் சட்டைமேல் போர்த்த அங்கவஸ்திரம்போல் நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கல்லறையில் இன்று இருப்பது என்ன என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அப்போஸ்தலரின் எலும்புகள் இந்தியாவிலிருந்து எதேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதாக நான்காம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞர் எப்ரேம் பாடியுள்ளார். பின்னர் அவை கியோஸ் தீவு வழியாக 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகரை அடைந்தன என்பது அங்குள்ளோர் மரபு. அப்போஸ்தலரின் கல்லறைமேல் அமைந்த ஆலயங்கள் உலகில் மூன்றே என்று அடிக்கடி கூறப்படுகிறது. எபேசுவில் யோவானின் கல்லறைமேல் எழுந்த பேராலயத்தின் இடிபாடுகளையும், அமால்பியில் அந்திரேயாவின் பெயரால் விளங்கும் பேராலயத்தையும் அறிந்தவர் இக்கூற்றை ஏற்கத் தயங்குவர். பெரும்பாலும் வெறுமையான ஒரு கல்லறையே இத்தனை கட்டடங்களையும் தாங்கியுள்ளது என்பது குறையன்று. வெறுமையான கல்லறை கிறிஸ்தவருக்குப் புதிய செய்தியுமன்று.

இனி நம் பக்கம் திரும்புவோம். கோதிக் மோகத்தில் தமிழகப் புரொட்டஸ்டாண்டு சபைகள் கத்தோலிக்கருக்கு முந்தியே நின்றன. திருநெல்வேலித் தேரிக்காட்டில் கால்டுவெல் 1847-இல் அடிக்கல் நாட்டிய இடையன்குடி ஆலயம் 1880-இல்தான் நிறைவெய்தியது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! உள்ளூர்க் கொத்தர்கள் கண்டிராத கூர்வளைவுகளை அவர் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று சொல்லப்படுகிறது. திராவிட மொழிகளின் தனித்தன்மையை 1856-இல் உலகுக்கு எடுத்துரைத்த அதே அறிஞர், ஆலயம் என்று வந்தபோது திராவிட நாட்டின் வடிவம் ஒன்றையும் தேடவில்லை. இம்முரண்பாட்டைக் கால்டுவெல்லை ஆராய்வோர் இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் எழுப்பிய ஆலயமும் அவ்வாறே, சுற்றிலும் பனைமரங்கள் நிற்க நடுவில் ஓர் ஆங்கில நாட்டுப்புற ஆலயம் பெருத்து வளர்ந்தாற்போல் நிற்கிறது.

அந்த மெஞ்ஞானபுரத்தில் இளமையில் பயின்றவரே வெள்ளாளன்விளை அசரியா. 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கப் பேராயரான அவர், தோர்ணக்கலில் கட்டிய பேராலயத்தில் கூர்வளைவுகளையும் ஊசிக்கோபுரத்தையும் கொண்டுவரவில்லை. நம் நாட்டுத் தூண்களையும் மாடங்களையும் இசுலாமியக் கலையின் குவிமாடங்களையும் கலந்து வடிவமைத்தார். அது 1939 சனவரியில் திருநிலைப்படுத்தப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 1938 டிசம்பரில், தாம்பரத்தில் உலக மிஷனெரி மாமன்றம் கூடியிருந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து 1937-இல் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியே அம்மாமன்றத்துக்கு இடமளித்தது. தாம்பர வளாகத்தைக் கட்டியவர்கள் கோதிக் வடிவத்தை நாடவில்லை என்பது கவனித்தற்குரியது. மரங்களுக்கிடையே பரந்து கிடக்கும் கட்டடங்களும், காற்றுக்குத் திறந்த நீண்ட தாழ்வாரங்களும் வேறொரு மனநிலையைக் காட்டுகின்றன. கிரேமரின் நூலும், அதற்கு மறுமொழியாகச் செஞ்சையா, சக்கரை முதலியோர் அதே 1938-இல் வெளியிட்ட "இந்தியாவில் கிறிஸ்தவத்தை மீண்டும் சிந்தித்தல்" என்னும் பொருள்படும் தொகுப்பும் இறையியல் மாணவர் அனைவரும் அறிந்தவை. அவ்விவாதத்தைச் சொற்களின் விவாதமாகவே நாம் இதுவரை கற்பித்து வந்துள்ளோம். நற்செய்திக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி மண்டபத்தில் பேசியவர்கள் எத்தகைய மண்டபத்தில் அமர்ந்து பேசினார்கள் என்பதும் விவாதத்தின் ஒரு பகுதியே.

பயன் மாறுதல் என்பதைப் பற்றி நம் இறையியல் என்ன சொல்லுகிறது? 1544-இல் தோர்கவ் கோட்டை ஆலயத்தைத் திறந்து வைத்து லூத்தர் ஆற்றிய அருளுரையின் கருத்து யாவரும் அறிந்ததே. ஆண்டவர் வார்த்தையால் பேசுவதும் மக்கள் ஜெபத்தாலும் துதியாலும் விடையளிப்பதுமே ஆலயத்தை ஆலயமாக்குகின்றன. அவை நிகழும் இடம் எதுவாயினும் பொருந்தும். இக்கொள்கையின்படி வழிபாடு நின்றபின் கட்டடம் வெறும் கல்லும் சுண்ணாம்புமே. கொள்கையளவில் நாம் இதனை ஏற்கிறோம். ஆனால் நியூயார்க் நகரத்தில் நிகழ்ந்ததைக் கேட்கும்போது நம் உள்ளம் ஏன் கலங்குகிறது? அங்கே முலன்பெர்க் என்னும் போதகர் ஏழைகளுக்காக இருக்கைக் கட்டணமின்றி நடத்திய கோதிக் ஆலயம், 1840-களில் கட்டப்பட்டது, வழிபாடு ஒழிந்தபின் 1983-இல் லைம்லைட் என்னும் இரவு நடன விடுதியாயிற்று; பிற்காலத்தில் கடைத்தொகுதியும் ஆயிற்று. சிங்கப்பூரில் குழந்தை இயேசு கன்னியர் மடத்துக்காக 1904-இல் முடிந்த கோதிக் சிற்றாலயம், 1983-இல் பள்ளி இடம்பெயர்ந்தபின், 1996 முதல் உணவகங்கள் சூழ்ந்த மண்டபமாகத் திகழ்கிறது. மடத்தின் பெயரெழுத்துகளையே குறும்பாக நீட்டி அதற்குப் பெயரும் இட்டனர்.

இவற்றைத் தீட்டு என்று தள்ளுவது லூத்தரின் கொள்கைக்கு ஒவ்வாது. இவையெல்லாம் ஒன்றே என்று விட்டுவிடுவதும் சரியன்று. கட்டணமில்லா ஆலயம் கட்டணம் கொடுத்து நுழையும் விடுதியானதில்தான் இழப்பு இருக்கிறது. பீடமிருந்த இடத்தில் இசைக்கருவி வந்ததில் அவ்வளவு இல்லை. யாருக்காகக் கதவு திறந்திருந்ததோ அவர்களுக்கு அது மூடப்பட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. கொச்சியிலுள்ள தூய பிரான்சிஸ் ஆலயம் பிரான்சிஸ்கன் துறவியரிடமிருந்து 1663-இல் ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபைக்கும், 1804-இல் ஆங்கிலிக்கருக்கும், பின்னர் தென்னிந்தியத் திருச்சபைக்கும் கைமாறியது. பறங்கிமலைப் பாளையத்தில் ஆங்கிலப் படைவீரர்க்காக எழுந்த ஆலயமும், படை போனபின், தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டிடமாக நிற்கிறது. இங்கெல்லாம் கதவு சிலருக்குப் புதிதாகத் திறந்தது. சிப்பாய்களின் அணிவகுப்பு ஆராதனைக்கென்று கட்டிய இடத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் திருவிருந்து பெறுவது பயனின் வீழ்ச்சியா, உயர்வா என்று கேட்டால் நம் விடை தெளிவானது.

சாந்தோமுக்கு மீள்வோம். 1950-இல் போர்த்துக்கல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952-இல் சென்னையும் மயிலையும் ஒன்றாயின. எந்தப் போட்டிக்காக அக்கோபுரம் உயர்ந்ததோ அப்போட்டி அன்றோடு முடிந்தது. கட்டடம் நிலைத்தது, அதன் காரணம் மறைந்தது. 1956-இல் அது பசிலிக்கா எனச் சிறப்பிக்கப்பட்டது. 1986 பிப்ரவரியில் போப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கல்லறையில் ஜெபித்தார். திருப்பயணிகளும் சுற்றுலாப் பயணிகளும் பெருகினர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது ஆலயத்துக்குள் நீர் புகவில்லை. கரையோர மக்கள் வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஆலயத்தின் பின்புறம் உள்ள தோமாவின் கம்பம் கடலைத் தடுத்தது என்னும் நம்பிக்கை அதன்பின் வேகமாகப் பரவியது. அந்நம்பிக்கையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் சிறிது தெற்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அதே அலை மீனவக் குடும்பங்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆலயத்தைக் காத்த கம்பம் குடிசையைக் காக்கவில்லை என்று சொல்ல நேரும் ஓர் அற்புதக் கதையை எந்த இறையியலாளனும் சுணக்கமின்றி ஏற்க இயலாது. அன்று ஆலயம் செய்த நற்பணி கதவைத் திறந்து வைத்ததே. படுக்கப் பாயும் பசிக்குச் சோறும் தேடி வந்தவர்களுக்குக் கூர்வளைவும் ஒன்றே, ஓலைக்கூரையும் ஒன்றே.

இடிப்பதா, காப்பதா என்னும் நம் வினாவுக்கு இவ்வரலாறு நேரான விடை தருவதில்லை. 1893-இல் இடிக்கப்பட்ட போர்த்துக்கீசிய ஆலயம் இன்று இருந்திருக்குமானால், பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மாதக்கணக்கில் ஜெபித்த கூடத்தை நாம் கண்டிருப்போம். அதை இடித்திராவிட்டால் இன்றைய ஆலயமும் இல்லை. கோதிக் ஆலயத்தைத் தொடக்கூடாத தொன்மையாகப் போற்றுவோர், அது தன்னினும் தொன்மையான ஒன்றை அழித்தே பிறந்தது என்பதை மறக்கலாகாது. ஆனால் இதையே சான்றாகக் காட்டி, அன்று இடித்தார்கள், இன்று நாமும் இடிப்போம் என்று கூறும் குருசேகரக் குழுக்களுக்கு நாம் சொல்வது வேறு. 1893-இல் எழுந்த கட்டடம் கல்லறையின் இடத்தைத் தன் கூரையிலேயே குறித்து வைத்தது. இன்று நம்மவர் எழுப்பும் காங்கிரீட் ஆலயங்கள் எதைக் குறித்து வைக்கின்றன? பழைய பீடம் எங்கே இருந்தது, முதற்குடும்பங்கள் எந்த வாசல் வழியாக வந்தன, யாருடைய கல்லறைக்கல் தரையில் பதிந்திருந்தது என்பவை ஒரு வரைபடத்திலேனும் எழுதப்படுவதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் பேராயர், ஆயர், பொருளாளர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் பெயர்கள் மட்டும் தவறாமல் இடம்பெறுகின்றன.

இடிக்கத் தீர்மானிக்கும் எச்சபையும் முதலில் கட்டடத்தை அளந்து வரைந்து நிழற்படம் எடுத்து வைத்தல் வேண்டும். முதியோர் வாயிலாக அதன் பயன்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும்: எங்கே பள்ளிக்கூடம் நடந்தது, பஞ்சத்தில் எங்கே கஞ்சி ஊற்றினார்கள், யார் பாயில் அமர்ந்தனர், யார் பெஞ்சில் அமர்ந்தனர், யார் வெளியே நிற்க வைக்கப்பட்டனர் என்பதுவரை. சாதிக்கொரு வரிசையாக மக்கள் அமர்ந்த ஆலயங்களும் நம் வரலாற்றில் உண்டு. அத்தகைய கட்டடத்தை இடிக்கையில் அந்த நினைவும் சேர்ந்தே இடிந்துபோவது சிலருக்கு வசதியாக இருக்கலாம். வளர்ந்துவரும் தென்புறநகர்ச் சபைகளுக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. அதற்குப் பழைய ஆலயத்தைச் சிறு வழிபாடுகளுக்கும் வாசகசாலைக்கும் வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியது கட்டுவதும் ஒரு வழி. நிலமில்லாத இடத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மூன்று ஆராதனைகள் நடத்துவது மற்றொரு வழி. செலவு மிகக் குறைந்த வழியும் அதுவே. ஆனால் அதில் அடிக்கல் விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

சாந்தோமில் இப்படியொரு நெருக்கடி வந்தபோது செய்த ஏற்பாடு சிந்தித்தற்குரியது. மேலே பங்குமக்கள் திருப்பலியில் இருக்கும்போதே, கல்லறையைக் காண வருவோர் இடையறாது வந்து கொண்டிருந்தனர். ஒருவரால் மற்றவருக்கு இடையூறு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் கோதிக் கட்டடத்தில் கை வைக்கவில்லை. நிலத்தடியில் கல்லறைச் சிற்றாலயம் ஒன்று அமைத்து, ஆலயத்தின் பின்புறமாகத் தனி வாயில் வைத்தனர். இப்போது கல்லறைக்கு வருவோர் பேராலயத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. கூர்வளைவுகளையோ வண்ணச் சாளரங்களையோ பாராமலே படியிறங்கி, தாழ்ந்த கூரையின்கீழ்த் தரையில் அமர்ந்து ஜெபித்துவிட்டு, வந்த வழியே வெளியேறுகின்றனர். அவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருக்கின்றனர்.